காற்று நிரம்பும் வரை

அண்ணாச்சி வந்து உட்கார்ந்தால் மேஜைமேல் இருக்கிற காப்பி டம்ளரைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவள் என் மனைவி பகவதி. அவருடைய வலது கால் ஆட ஆரம்பித்தால் நாற்காலி ஆடும். நாற்காலி ஆடினால் அதை ஒட்டிய மேஜையும் ஆடும். அப்புறம் காப்பி என் வேட்டியில்தான் இருக்கும். என் மாமனார் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த நாற்காலி அது. அதன் ஒரு கால் கழன்று, நான் ஆணி அடித்து, மறுபடி கழன்று, கடைசியில் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தோம்.

“காலை ஆட்டுனா வீட்டுக்கு ஆகாதுன்னு சொல்லி வளக்கலையா இவுகள?” என்று பகவதி என்னைக் கேட்பாள். அவரைக் கேட்க மாட்டாள். அவரிடம், இன்னும் கொஞ்சம் காப்பி வேண்டுமா என்றுதான் கேட்பாள்.

ஐம்பதுகளின் நடுவில் மாட்டுங்கா லேபர் கேம்ப்பை ஒட்டிய ஒரு சாலில் குடியேறினோம். நீளமான கேலரி, வரிசையாக ஒற்றை அறைகள், கடைசியில் பொதுக் குழாய். எங்களுக்கு அடுத்த அறை அண்ணாச்சியுடையது. நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவர். ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஸ்டோர்ஸ் கிளார்க். மனைவியை ஊரிலேயே பறிகொடுத்துவிட்டு, எஸ்தர் என்ற ஒரே மகளோடு பம்பாய் வந்தவர். அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது. ஆனால் கீழே மளிகைக்கடை வைத்திருந்த குஜராத்திக்காரர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சிதான். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

அவரோடு சினிமாவுக்குப் போவது பெரிய சோதனை. ஒருமுறை கிங்ஸ் சர்க்கிள் பக்கத்துத் தியேட்டரில், கதாநாயகி சாகக் கிடக்கிறாள், தியேட்டரே மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறது, எங்கள் வரிசை முழுக்கக் குலுங்குகிறது. ஓரத்தில் இருந்த ஒருவர் எழுந்து நின்று, “அரே பாயி, பைர் பந்த் கரோ” என்று, காலை நிறுத்தச் சொல்லிக் கத்தினார். அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டார். படம் முடிந்து வந்தால் வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். அந்தப் பிள்ளை பிழைத்ததா என்று கேட்டார். பிழைத்துவிட்டது என்றேன். அவருக்கு முகம் மலர்ந்தது. ரயிலிலும் அதே கதைதான். வண்டி காலியாக வந்தாலும் உட்கார மாட்டார். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருவார். எதிரே இருப்பவரின் முழங்காலில் இடித்து, அவர் முறைத்து, இவர் மன்னிப்புக் கேட்டு, இந்தக் கிட்கிட் தொல்லை எதற்கு என்பார்.

எஸ்தர் வளர்ந்து பியானோ கற்றுக்கொண்டிருந்தபோது முலுண்டிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. பையன் பாங்கில் வேலை. ஊர்க்காரர்கள், நல்ல சபைக்குடும்பம். பேச்சுத் துணைக்கு அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டிருந்தார். பையனின் அப்பா பேசிக்கொண்டே இருந்தவர், கொஞ்ச நேரத்தில் பேச்சை விட்டுவிட்டு அண்ணாச்சியின் காலையே பார்க்க ஆரம்பித்தார். பிறகு என் காதோரம் சாய்ந்து, “இவுக குடும்பத்துல நரம்புக் கோளாறு எதுவும் உண்டா?” என்று கேட்டார். நான் பதில் யோசிப்பதற்குள் அண்ணாச்சி அவரைப் பார்த்து, உங்கள் வீட்டில் பியானோ உண்டா என்று கேட்டார். அவர்கள் சிரித்தார்கள். பியானோ எதற்கு, கல்யாணம் ஆனால் அதெல்லாம் எங்கே வாசிக்கப் போகிறாள் என்றார்கள். அண்ணாச்சி, இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கியவர், அவர்கள் காத்திருந்து சலித்துப் புறப்பட்டுப் போன பிறகுதான் திரும்பி வந்தார். தாராவி வரைக்கும் நடந்துவிட்டு வந்தாராம். சொந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்களை உட்கார வைத்துவிட்டு ஓடிப்போன தகப்பன் அந்த வட்டாரத்திலேயே அவர் ஒருவர்தான். எஸ்தருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்குத்தான் மானம் போயிற்று.

அந்தக் காலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது என்பதுதான் உண்மை.

நாங்கள் குடிவந்த முதல் கிறிஸ்துமஸுக்கு அண்ணாச்சி எங்களைத் தாராவியில் இருந்த தமிழ்க் கோயிலுக்கு வரச் சொல்லியிருந்தார். எஸ்தர் ஆர்கன் வாசிக்கிறாள், வந்து கேளுங்கள் என்றார். எனக்குச் சங்கீதம் என்றால் திருவிழா நாயனம்தான். அண்டை வீட்டு மரியாதைக்காகப் போனோம். எப்போதோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் விட்டுப்போன பழைய கால்மிதி ஆர்கன் அது. வாசிக்கிறவரே இரண்டு காலாலும் மாறி மாறி மிதித்துத் துருத்திக்குக் காற்று ஏற்ற வேண்டும்; காற்று இல்லாவிட்டால் கட்டையை அழுத்தினாலும் சத்தம் வராது. எஸ்தர் அப்போது சின்னப் பெண், அதிலும் குட்டை. ஸ்டூலில் உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் தொங்கும்.

அவளைப் பார்த்தேன், அண்ணாச்சியைக் காணவில்லை. பிறகுதான் ஆர்கனுக்குக் கீழே ஒரு வெள்ளைச் சட்டை முதுகு தெரிந்தது. ஏதோ கீழே விழுந்துவிட்டது, தேடுகிறார் என்று நினைத்தேன். அவர் தேடவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மகளின் தொங்கும் கால்களுக்கு நடுவே தலையைச் சாய்த்துக்கொண்டு, இரண்டு உள்ளங்கையாலும் மிதியை அமுக்கிக்கொண்டிருந்தார். வலது, இடது, வலது, இடது. அவள் உரக்க வாசிக்கிற இடத்தில் வேகமாக அமுக்கினார். மெல்ல வாசிக்கிற இடத்தில் தடவிக் கொடுக்கிற மாதிரி அமுக்கினார். ஆராதனை முடியும்போது சட்டை முழுக்க நனைந்திருந்தது.

அந்தத் துருத்தியில் ஓட்டை. ஒரு வரி முடிவதற்குள் காற்று இறங்கிவிடும். அதனால் ஒவ்வொரு வரி முடிவிலும் எஸ்தர் கையைக் கட்டையிலிருந்து சற்றுத் தூக்கிக் காத்திருப்பாள். கீழே அண்ணாச்சி ஓங்கி ஓர் அமுக்கு அமுக்குவார். காற்று நிரம்பும். பிறகுதான் அடுத்த வரி. வருஷக்கணக்கில் இப்படி நடந்ததில் அந்தச் சபையே வரிக்கு வரி நின்று பாடப் பழகிவிட்டது. ஆர்கன் இல்லாமல் வீட்டு ஜெபத்தில் பாடினால்கூட நிற்பார்கள். ஒருமுறை ஊரிலிருந்து வந்த ஒரு குருவானவர் இது தெரியாமல் அடுத்த வரியை எடுத்துவிட்டார். கோயில் முழுக்க அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. அவர் வெட்கப்பட்டு நிறுத்த, அந்த நேரம் பார்த்துச் சபை மொத்தமும் பாட ஆரம்பித்தது.

எஸ்தருக்குக் கால் எட்டின பிறகும் அண்ணாச்சி கீழேயே உட்கார்ந்திருந்தார். இனி அவளே மிதித்துக்கொள்ளட்டுமே என்று சபையில் பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். பிள்ளைக்குக் கால் வலிக்கும் என்றார். ஞாயிற்றுக்கிழமை கை செய்த வேலையை மற்ற நாளெல்லாம் கால் செய்துகொண்டிருந்தது. எங்கள் நாற்காலி அதற்குத்தான் பலியாயிற்று.

ஒரு கல்யாண ஆராதனைக்கு வந்திருந்த பார்ஸி அம்மாள் ஒருவர் எஸ்தரின் வாசிப்பைக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டு அனுப்பினார். தாதர் பார்ஸி காலனியில் பியானோ கற்றுக்கொடுக்கிறவர். வாய் கொஞ்சம் கடுமை, மனசு தங்கம். எஸ்தரின் விரலை மெச்சினார், ஆனால் அந்த நிறுத்தம் அவருக்கு ஆகவே இல்லை. இது பியானோ, இதற்குக் காற்று வேண்டாம், எதற்காக நிற்கிறாய் என்று கேட்டார். நிற்பது எஸ்தருக்கே தெரியவில்லை. ஒருநாள் அந்த அம்மாள் கவனித்திருக்கிறார்: வரி முடிந்ததும் பெண்ணின் கண் ஓரமாகப் போகிறது. போன இடத்தில் அண்ணாச்சியின் கால். அந்தக் கால் கீழே இறங்கின பிறகுதான் விரல் இறங்குகிறது.

அன்றோடு அவரை அந்த வீட்டுக்குள் விடுவதில்லை. மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, பாடம் முடிகிற வரைக்கும் பக்கத்தில் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவைச் சுற்றிச் சுற்றி வருவார். மழைக்காலத்தில் குடையோடு சுற்றுவார். நான் ஒருநாள் ஆபீஸ் விட்டு வருகிற வழியில் பார்த்து, ஒரு பெஞ்சில் உட்காரக் கூடாதா என்றேன். உட்கார்ந்தால் கால் ஆடும், ஆடினால் அங்கே அவளுக்குத் தெரிந்துவிடும் என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகு எஸ்தருக்கு வெளிநாட்டில் படிக்க உதவித்தொகை கிடைத்தது. பாலார்ட் பியரில் கப்பல் ஏற்றிவிட நாங்களும் போயிருந்தோம். மற்றவர்கள் கையை ஆட்டினார்கள். அண்ணாச்சி கைப்பிடிக் கம்பியை இரண்டு உள்ளங்கையாலும் மாறி மாறி அமுக்கிக்கொண்டு நின்றார். கப்பலும் ஊதிக்கொண்டு கிளம்பியது. பகவதி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள், சிரிப்பா அழுகையா என்று நான் கேட்கவில்லை.

அறுபதுகள் முடியப்போகிற சமயம். ஒரு சாயங்காலம் அண்ணாச்சி வந்து, நாற்காலியில் உட்காராமல் நிலைப்படியிலேயே நின்றார்.

“தம்பி, ஒங்க ரேடியோவுல வெளிநாட்டு ஸ்டேஷன் எடுக்கும்லா?”

எடுக்கும் என்றேன். ஷார்ட்வேவ் வரும். நான் புதிதாக வாங்கிய வால்வு ரேடியோ, சாலிலேயே பெரியது. விஷயத்தைக் கேட்டேன். ஐரோப்பாவில் ஏதோ ஒரு நகரம். அதன் பேர் அவர் வாயில் நுழையவில்லை, எனக்கும் இப்போது நினைவில்லை. பல தேசத்துப் பிள்ளைகள் கலந்துகொள்ளும் பியானோப் போட்டி. சுற்றுச் சுற்றாகக் கழித்துக் கடைசியில் மிஞ்சியவர்களில் எஸ்தரும் ஒருத்தி. வருகிற ஞாயிற்றுக்கிழமை கடைசிக் கச்சேரி, பெரிய வாத்தியக் குழுவோடு சேர்ந்து வாசிக்க வேண்டும். அதை ரேடியோவில் நேரடியாக ஒலிபரப்புகிறார்கள். எந்த மீட்டர், எத்தனை மணிக்கு என்றெல்லாம் பார்ஸி அம்மாள் சொல்லி அனுப்பியிருந்தார். இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தார். அதைச் சொல்லத்தான் அவர் நிலைப்படியை விடாமல் நின்றிருக்கிறார்.

“நிக்காம வாசிச்சான்னா மொத பரிசு அவளுக்குத்தான்னு டீச்சரம்மா சொல்லுதாவ. அங்க கூட அந்த நிப்பு எப்பவாவது ஒருக்கா வந்திருதாம். பெரிய வாத்தியக் குழு, அத்தன பேரு சேந்து போகையில இவ மட்டும் நின்னா எப்பிடி? நின்னுட்டான்னா எம் பாவந்தான தம்பி? நாம் பழக்குனது.”

நிற்க மாட்டாள், இத்தனை வருஷம் படித்திருக்கிறாள் என்றேன்.

“நிக்காண்டாம். நிக்கவே கூடாது.” கேலரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். “ஆனா ஒரு எடத்துலயும் நிக்கலன்னா, என்னய அடியோட மறந்துட்டாளோன்னு இருக்கும்லா.”

போய்ப் படுங்கள் அண்ணாச்சி என்றேன். படுத்தாரோ என்னவோ, கேலரியில் நடக்கிற சத்தம் அந்த வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அங்கே பகல், இங்கே விளக்கு வைக்கிற நேரம். ஏரியல் கம்பியைக் கேலரிக் கிராதி வரைக்கும் இழுத்துக் கட்டியிருந்தேன். பகவதி குழாயடிக்குப் போய், கொஞ்ச நேரம் சண்டையைத் தள்ளிப்போடும்படி கேட்டுக்கொண்டு வந்தாள். அண்ணாச்சி கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நாற்காலியைக் காட்டினேன். வேண்டாம் என்று ரேடியோவுக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பகவதி மேஜைமேல் அவருக்குக் காப்பி வைத்தாள்.

இரைச்சலுக்கு நடுவே அறிவிப்பாளர் இங்கிலீஷில் அவள் பேரைச் சொன்னார். எஸ்தரை என்னவோ மாதிரி உச்சரித்தார். அண்ணாச்சி நிமிர்ந்தார். முதலில் வாத்தியக் குழு எடுத்தது. பிறகு பியானோ. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் எங்கள் குழாயில் வரிசையாகக் குடம் வைத்துத் தண்ணீர் பிடித்த பெண், இத்தனை பேருக்கு முன்னால் ஒண்டியாக நின்று பேசுகிறாள் என்பது மட்டும் புரிந்தது. ஷார்ட்வேவ் ஏறி இறங்கும் குணமுள்ளது. சத்தம் இறங்கும்போதெல்லாம் அண்ணாச்சியின் உள்ளங்கைகள் தரையை வேகமாக அமுக்கின. சத்தம் ஏறியதும் நிதானமாயின. ரேடியோவுக்குத் துருத்தி கிடையாது அண்ணாச்சி என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

முதல் பாகம் முடிந்தது.

“நிக்கல,” என்றார். கொஞ்சம் கழித்து மறுபடியும், “நிக்கவே இல்ல தம்பி,” என்றார். நல்லதுதானே என்றேன். நல்லதுதான் என்று தலையை ஆட்டினார். முகத்தைப் பார்த்தால் நல்லது நடந்தவர் முகமாக இல்லை.

இரண்டாம் பாகம் மெதுவாகப் போயிற்று. எஸ்தர் ஒரு வரி வாசித்தாள், குழு அதை வாங்கிக்கொண்டது, மறுபடி அவள் வாங்கிக்கொண்டாள். நிற்காமல், வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி. அண்ணாச்சியின் கை தரையில் அமுக்கிக்கொண்டே இருந்தது, அவளுக்கு அது தேவைப்படாத மாதிரியும் இருந்தது. எனக்கே தாங்கவில்லை. அந்தப் பாகம் முடிகிற சமயத்தில் குழு முழுக்க அடங்கி ஒரே ஒரு வாத்தியம் மட்டும் இழுத்து ஓய்ந்தது. இனி பியானோ வர வேண்டும். வரவில்லை.

ஸ்டேஷன் போய்விட்டது என்று நினைத்து நான் குமிழைத் திருகக் கை நீட்டினேன். பகவதி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அண்ணாச்சி இரண்டு உள்ளங்கையையும் தரையிலிருந்து சற்றுத் தூக்கி, ஓங்கி ஓர் அமுக்கு அமுக்கினார்.

பியானோ வந்தது.

மூன்றாம் பாகம் எப்படிப் போயிற்று என்று எனக்கு நினைவில்லை. கடைசியில் கைதட்டல் மழை பெய்கிற மாதிரி கேட்டது. நடுவர்கள் கலந்து பேச உள்ளே போய்விட்டார்கள் என்று அறிவிப்பாளர் சொன்னார். அண்ணாச்சி எழுந்து கேலரிக்குப் போனார். நடந்தார். படி இறங்கினார், ஏறினார். குழாயடி வரைக்கும் போய், யாரையோ வழிமறித்து ஏதோ கேட்டுவிட்டு, பதிலை வாங்காமலே திரும்பினார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. ரேடியோவில் அந்த மனிதர் நேரத்தை நிரப்பப் பேசிக்கொண்டே இருந்தார். எனக்கு ஒரு காதில் அது, ஒரு காதில் இவர் செருப்புச் சத்தம். ஒரு இடத்தில் உட்காருங்கள் அண்ணாச்சி என்று கத்தியேவிட்டேன். அவர் வாசலுக்கு வந்து நிற்கவும் முடிவைச் சொல்லவும் சரியாக இருந்தது. முதல் பரிசு வேறு தேசத்துப் பையனுக்கு. எஸ்தருக்கு இரண்டாவது.

“ரெண்டாவது அண்ணாச்சி. உலகத்துலயே ரெண்டாவது,” என்றேன். பகவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் உள்ளே வந்து, அன்றைக்கு முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அதுக்குப் பொறவு அந்தத் துர என்னமோ சொன்னாருல்லா? அவ பேரும் சொன்னாரு.”

அவர் ஒர்க்ஷாப் இங்கிலீஷ் தெரிந்தவர்தான், ரேடியோக்காரரின் வேகத்துக்குத்தான் ஈடுகொடுக்க முடியாது. நான் பகவதியைப் பார்த்தேன். அவள் சொல்லாதே என்று கண்ணைக் காட்டினாள். ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். இரண்டாம் பாகத்துக் கடைசியில் அந்தப் பெண் கையைக் கட்டைகளுக்குமேல் தூக்கி வைத்துக்கொண்டு சற்று நின்றுவிட்டாள். குழுவை நடத்துகிறவர் பயந்துபோய் அவள் பக்கம் திரும்பினார். மறந்துவிட்டாளோ என்று நடுவர்களுக்குச் சந்தேகம். அந்த ஓர் இடம் இல்லையென்றால் முதல் பரிசே கிடைத்திருக்கலாம். இதுதான் அந்த மனிதர் சொன்னது.

என்னவோ குறைகிறதே என்று தோன்றியது. பார்த்தால் அண்ணாச்சியின் கால் ஆடவில்லை. எனக்குத் தெரிந்து அந்தக் கால் அப்படி அசையாமல் இருந்தது அன்றைக்குத்தான். எனக்குப் பயமாகிவிட்டது. தன்னால்தான் மகளுக்கு முதல் பரிசு போயிற்று என்று நினைக்கப்போகிறார், இடிந்து உட்காரப்போகிறார், என்ன சொல்லித் தேற்றுவது என்று வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தரைத் தூசி அப்பியிருந்தது. பிறகு தலையை நிமிர்த்தினார். முகத்தில் வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அதை மீறிக்கொண்டு ஒரு சந்தோஷம் இருந்தது. பெற்ற மகள் தோற்ற நேரத்தில் ஒரு தகப்பன் இப்படிச் சந்தோஷப்படலாமா என்று எனக்குச் சுரீரென்று கோபம்கூட வந்தது.

“நீங்க பாத்தியள்லா தம்பி,” என்றார். “நான் அமுக்குன பொறவுதான் வாசிச்சா.”

கால் ஆட ஆரம்பித்தது. நாற்காலி ஆடியது, மேஜை ஆடியது. ஆறிப்போன காப்பி தளும்பித் தளும்பி மேஜைமேல் சிந்தியது. பகவதி பார்த்துக்கொண்டே நின்றாள். டம்ளரை எடுக்கவில்லை.